ஒர்க்கர்ஸ் காம்ப் க்ளெய்ம்ஸ் அட்ஜஸ்டர் வேலை: ட்ரெய்னியா சேரலாமா?

மீனா_சாக்ரமெண்டோ:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைல பிபிஓல இருந்தப்போ அமெரிக்க ஒர்க்கர்ஸ் காம்ப் (வேலைல அடிபட்டவங்களுக்கான இன்ஷூரன்ஸ்) மெடிக்கல் பில் ரிவ்யூதான் பாத்தேன், இப்ப இங்க ஒர்க் பெர்மிட் வந்து ஒரு டிபிஏல (மத்த கம்பெனிகளுக்காக க்ளெய்ம் பாத்துக் குடுக்குற நிறுவனம்) அட்ஜஸ்டர் (க்ளெய்ம விசாரிச்சு முடிவு பண்றவர்) ட்ரெய்னி இன்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க. பில் கோடு எல்லாம் அத்துப்படி, ஆனா அடிபட்டவங்ககிட்ட போன்ல பேசினதே இல்ல. தினமும் என்ன வேலை இருக்கும்? மேல போக வழி உண்டா, இல்ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஃபைல் தள்ளணுமா? வீட்டுக்காரருக்கு டல்லாஸ் மாத்தலாகும் போலவும் இருக்கு.

க்ளெய்ம்ஸ்_அக்கா:
தைரியமா போம்மா. பில் தெரிஞ்ச ஆளுன்னா பாதி கிணறு தாண்டின மாதிரிதான். வேலைன்னா, புது க்ளெய்ம் வந்ததும் தொழிலாளி, முதலாளி, டாக்டர் ஆபீஸ் மூணு பேர்கிட்டயும் பேசணும், காயம் வேலைலதான் ஆச்சான்னு பாக்கணும், ரிசர்வ் போடணும் (அந்த க்ளெய்முக்கு எவ்வளவு செலவாகும்னு கணிச்சு ஒதுக்கறது), சம்பள இழப்புக்கு செக் அனுப்பணும். எல்லாத்துக்கும் கெடு. கலிபோர்னியால க்ளெய்ம் ஃபார்ம் வந்து 90 நாள்ல மறுக்கலன்னா காயம் வேலைல ஆனதுன்னே சட்டம் எடுத்துக்கும், முடிவு பண்ற வரைக்கும் 10,000 டாலர் வரை வைத்தியம் வேற கொடுக்கணும். செக் லேட்டானா 10 சதவீதம் நாமளே சேத்துக் கட்டணும். அதனால காலைல காப்பிக்கு முன்னாடி கெடு குறிச்ச டைரியத் திற. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, டாக்டர் கேட்ட சிகிச்சைய நீ ஓகே பண்ணலாம், மருத்துவக் காரணத்துக்காக வேண்டாம்னு சொல்ற உரிமை ரிவ்யூ பண்ற டாக்டருக்குத்தான், இத இன்டர்வியூலயே சொல்லு, அசந்துடுவாங்க.

பழைய_ஃபைல்:
அக்கா நல்ல பக்கத்த மட்டும் சொல்றாங்க 😀 முதுகு புடிச்சுக்கிட்ட ஒரு குடோன் ஆளு, வாடகை கட்டணும் செக் எங்கன்னு கத்துவாரு, அவர் முதலாளியோ அவன் நடிக்கிறான்னு இன்னொரு லைன்ல கத்துவாரு, நடுவுல நீங்க ரெண்டு பேர்கிட்டயும் கோவப்படாம பேசி பேசினத அப்படியே நோட்ஸ்ல ஏத்தணும், ஏன்னா நாளைக்கு வக்கீல் வந்தா அந்த நோட்ஸ்தான் பேசும். ஃபைல் எண்ணிக்கைய இன்டர்வியூலயே கேட்டுடுங்க. மழுப்பினாங்கன்னா யோசிங்க.

மேல போறது: முதல்ல மெடிக்கல் ஒன்லி (வைத்தியச் செலவு மட்டும் உள்ள க்ளெய்ம்), அப்புறம் இண்டெம்னிட்டி (சம்பள இழப்பும் சேர்ந்தது), சீனியர், சூப்பர்வைசர். இங்க மெடிக்கல் ஒன்லிக்கு 80 மணி நேரம், முழு அட்ஜஸ்டருக்கு 160 மணி நேரம் ட்ரெய்னிங் கட்டாயம். அதோட நிக்காம மாநிலம் நடத்துற செல்ஃப் இன்ஷூரன்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் பரீட்சைய எழுதிடுங்க. கவுன்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மாதிரி இன்ஷூரன்ஸ் வாங்காம சொந்தப் பணத்துலயே க்ளெய்ம் பாக்குற இடத்துக்குப் போக அது கைகொடுக்கும். நான் அப்படித்தான் கவுன்டி ரிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கம் வந்தேன், கத்தல் குறைஞ்சுது, பென்ஷன் வந்துது. சூப்பர்வைசர் பதவி எனக்குப் புடிக்கல, நம்ம ஃபைல் போதாதுன்னு ஆறு பேரு ஃபைலுக்கும் பதில் சொல்லணும்.

டல்லாஸ்_தம்பி:
அக்கா டெக்ஸாஸ் வந்தா கணக்கே வேற. இங்க அட்ஜஸ்டருக்கு மாநில லைசென்ஸ் வேணும், சட்டமும் முழுசா வேற. தனியார் முதலாளி ஒர்க்கர்ஸ் காம்ப் எடுத்தே ஆகணும்னு கட்டாயமும் கிடையாது. ஆனா அனுபவம் வீண் போகாது, விசாரிக்கிறது ரிசர்வ் போடறது எல்லாம் எங்க போனாலும் அதேதான்.

மீனா_சாக்ரமெண்டோ:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வியாழக்கிழமை இன்டர்வியூ, ஃபைல் எண்ணிக்கைய கட்டாயம் கேக்கறேன். அந்த பரீட்சைய ட்ரெய்னியா இருக்கும்போதே எழுதலாமா, இல்ல ஒரு வருஷமாவது போகட்டுமா?

பழைய_ஃபைல்:
இண்டெம்னிட்டி ஃபைல் கொஞ்சம் கை பழகட்டும், அப்புறம் எழுதுங்க. வெறும் புக்க வச்சு எழுதினா பெனிஃபிட் கணக்குலயே தலை சுத்தும்.