ஸ்பானிஷ் வாக்கியம்: எழுவாயில் தொடங்குவதா, வினையில் தொடங்குவதா?

கயல்: ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ‘யோ கோமோ உனா மன்சானா’ (நான் ஒரு ஆப்பிள் சாப்பிடுகிறேன்) என்று எல்லா வாக்கியத்திலும் ‘யோ’ போடச் சொல்கிறார்கள். தோழி அதை விட்டுவிடு என்கிறாள். எப்படிப் பழகுவது?

வடகரை: வகுப்பில் சொல்வதையே கேளுங்கள். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை முதலில் மனதில் பதியட்டும். நமக்கு வினை கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் ‘உனா மன்சானா கோமோ’ என்று வாயில் வந்துவிடும்.

தென்னங்கீற்று: வடகரை, இதில் எனக்கு உடன்பாடில்லை. கோமோ, கோமேஸ், கோமேமோஸ் என்று யார் சாப்பிடுகிறார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. ‘சாப்பிடுகிறேன்’ என்றால் நாமும் ‘நான்’ சேர்ப்பதில்லையே? எப்போதும் ‘யோ’ போட்டால் ‘நான்தான், நான்தான்’ என்று அழுத்திச் சொல்வதுபோல் கேட்கும். ஹுவான் வந்துவிட்டான் என்பதற்கு ‘யெகோ ஹுவான்’ என்று வினையை முன்னால் வைப்பது மிக இயல்பு. ‘தோந்தே விவே ஹுவான்?’ (ஹுவான் எங்கே வசிக்கிறான்?) என்ற கேள்வியிலும் வினைதான் முந்துகிறது. எழுவாய் முதலில் என்று பழகியவர் இங்கெல்லாம் தடுமாறுவார்.

வடகரை: விகுதி எல்லா இடத்திலும் காப்பாற்றாது. ‘கோமே’ என்றால் அவனா, அவளா, ‘உஸ்தேத்’ என்ற மரியாதை ‘நீங்கள்’ஆ? மூன்றுக்கும் அதே வடிவம். அப்புறம், வரிசை தளர்வானது என்று புதியவரிடம் சொல்லும்போது தளராத இடங்களையும் சொல்ல வேண்டும். ‘அதைச் சாப்பிடவில்லை’ என்பதற்கு ‘நோ லா கோமோ’தான்; ‘நோ’ முன்னால் நிற்கும், ‘அதை’ என்ற ‘லா’வுக்கும் வினைக்கும் நடுவே எதுவும் நுழையாது. ‘அதைச் சாப்பிட விரும்புகிறேன்’ என்பதுபோல் ‘சாப்பிட’ (கோமெர்) என்ற வினையெச்சம் வந்தால் ‘கியேரோ கோமெர்லா’ என்று பின்னால் ஒட்டும், அல்லது ‘லா கியேரோ கோமெர்’ என்று முன்னால் போகும்.

தென்னங்கீற்று: ‘லா’ பற்றிச் சொன்னது சரி, அதை முதல் மாதமே கற்பிக்க வேண்டும். ஆனால் தளர்வைக் கண்டு தமிழர் பயப்பட வேண்டியதே இல்லை. ‘மரியாவைப் பார்த்தேன்’ என்பதில் ‘ஐ’யை விட முடியாது, ‘தண்ணீர் குடித்தேன்’ என்பதில் விடலாம். ஸ்பானிஷிலும் ஆளுக்கு முன்னால் ‘அ’ வரும்: ‘வேயோ அ மரியா’. கடலைப் பார்த்தால் வெறும் ‘வேயோ எல் மார்’. இந்த ‘அ’ இருப்பதால்தான் ‘அ மரியா லா வியோ ஹுவான்’ என்று மரியாவை முன்னே கொண்டுவந்தாலும் பார்த்தவன் ஹுவான்தான் என்பது மாறுவதில்லை. ‘மே குஸ்தா எல் கஃபே’யும் அப்படித்தான். ‘எனக்கு காபி பிடிக்கும்’ என்று நான்காம் வேற்றுமையில் பேசுகிறவருக்கு அதில் என்ன புதிது?

வடகரை: புதிது உண்டு. ஆப்பிள்கள் என்று பன்மையானால் வினை ‘மே குஸ்தான் லாஸ் மன்சானாஸ்’ என்று மாறும். நம் ‘பிடிக்கும்’ மாறாது. எது எழுவாய் என்று பிடிபடாதவர் இங்கே கட்டாயம் தவறுவார்.

தென்னங்கீற்று: அந்த எழுவாய் வினைக்குப் பின்னால்தானே நிற்கிறது? நான் சொல்வதும் அதுதான். வினையைப் பிடித்துக்கொண்டு எழுவாயைத் தேடச் சொல்லுங்கள்.

கயல்: சரி, இன்றைய பயிற்சி வாக்கியங்களில் ‘யோ’வை அடித்துவிட்டு எழுதிப் பார்க்கிறேன்.

வடகரை: நிகழ்காலத்தில் அடியுங்கள். ‘கோமியா’ வரும்போது யோசியுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தான் இரண்டுக்கும் அது ஒன்றே. யார் என்பது முன் வாக்கியத்தில் இல்லையென்றால் அங்கே ‘யோ’ வேண்டும்.