67 வந்தாலே வகுப்பு குழம்புது, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையில தரம் 8 கணித டியூஷன், 24 பிள்ளைகள். ஆறும் ஏழும் அடுத்தடுத்து வந்தால் போதும், "சிக்ஸ் செவன்" எண்டு கத்தி, உள்ளங்கை இரண்டையும் தராசுத் தட்டு மாதிரி மேல கீழ ஆட்டுறாங்கள். அடங்க மூண்டு நிமிசம். இணையத்தில பரவின பகிடி இது. அர்த்தம் கேட்டால் ஒண்டுமில்லை, அதுதான் பகிடியே. (டிக்‌ஷனரி.கொம் 2025இன் சொல்லா 67ஐத்தான் தெரிவு செய்தது, பிறகு எங்க அடங்கிறது!)

தடை போட்டுப் பார்த்தன், கூடிச்சு. கணக்கில 67ஐ 68 ஆக்கினன், 20.1ஐ 3ஆல வகுக்க 6.7 வந்து மாட்டிச்சு. நானே முந்திச் சொன்னது இரண்டு கிழமை வேலை செய்தது, பிறகு என்னையும் கூட்டத்தில சேர்த்திட்டாங்கள்.

வாற சனி விகிதம் தொடங்கோணும், 6:7 கட்டாயம் வரும். தண்டிக்காமல் இதை அரை நிமிசத்தில அடக்க, வகுப்பில செய்து பார்த்துச் சரிவந்த வழி ஆரிட்டயாவது இருக்கோ?