மேகாலயாவில் ஊழியம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து ஆறு பேர், ஜனவரியில் சோரா (சிரபுஞ்சி) பக்கம் காசி (Khasi) பழங்குடி மக்களின் கிராமம் ஒன்றுக்குப் போகிறோம். அங்கே அப்போது குளிர்கால விடுமுறை. பிள்ளைகளுக்குப் பத்து நாள் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி). வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் 1841-இல் வந்து இறங்கிய ஊர்ப்பக்கம். நாம் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொடுக்கிற இடமில்லை, அங்குள்ள சபைக்கு ஒத்தாசையாகத்தான் போகிறோம்.

பாட்டு, கதை எல்லாம் சமாளித்துவிடலாம். என் கவலை சாப்பாடுதான். போன முறை ஒரு வீட்டில் ஜாடோ வைத்தார்கள். பன்றி இறைச்சியோடு அதன் இரத்தமும் சேர்த்துச் சமைத்த சோறு. நான் சாப்பிட்டேன், ருசியாகவே இருந்தது. ஆனால் எங்களில் இரண்டு பேருக்கு, இரத்தத்துக்கு விலகியிருக்கச் சொல்லும் அப்போஸ்தலர் 15 மனசில் நிற்கிறது, இரத்தம் தொடமாட்டார்கள். பிள்ளைகள் ஆசையாக நீட்டும்போது முகம் வாடாமல் எப்படி மறுப்பது? காசி மொழியில் சொல்ல ஏதாவது வாக்கியம் உண்டா? எனக்குத் தெரிந்தது 'குப்லேய்' (நன்றி) மட்டும்.

அப்புறம் க்வாய். வெற்றிலை பாக்குதானே என்று வாயில் போட்டேன், அந்தப் பச்சைப் பாக்கு ஐந்தே நிமிஷத்தில் வேர்க்கவைத்து, தலையைச் சுற்றவைத்துவிட்டது. விருந்தாளிக்கு முதல் மரியாதையே அதுதான், வேண்டாம் என்றால் தப்பாக எடுப்பார்களா? வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் சரியா?

துங்ரிம்பாய் என்கிற புளிக்கவைத்த சோயா பதார்த்தத்தின் வாடைக்குப் பழக வழி இருந்தாலும் சொல்லுங்கள். நம் கருவாட்டுக்குப் பழகிய மூக்குகூட அங்கே தடுமாறியது!