360 சதுர அடி: திண்ணை கணக்கில் சேருமா?

மொட்டைமாடி: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், "நாலு பேர் குடும்பத்துக்கு 360 சதுர அடி தாராளம், அதற்கு மேல் கட்டினால் மின்சாரம்தான் வீண்" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கலைஞரின் கனவு இல்லம் என்ற தமிழக அரசின் கிராம வீட்டுத் திட்டத்து அளவு அது. அதிலும் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை, மீதி 60க்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். ஊர்ப்பக்கம் அந்த வீட்டுக்குத் திண்ணை இருக்கும், கொல்லை இருக்கும், ஒரு வேப்பமரம் இருக்கும். நகரத்தில் மாடி வீட்டுக்கு என்ன இருக்கிறது?

செங்கல்சூளை: எழுதியது நான்தான். நேராகவே கேட்கலாம். வீடு சின்னதானால் சிமெண்ட் குறையும், கம்பி குறையும், கரண்ட் பில் குறையும். 360 போதும்.

மொட்டைமாடி: திண்ணையைச் சேர்த்தா, சேர்க்காமலா?

செங்கல்சூளை: சுவருக்குள் இருப்பதுதான் வீடு.

மொட்டைமாடி: அப்படியானால் நீங்கள் அந்த அளவில் ஒரு கோடையைக் கழித்ததில்லை. நாங்கள் ஐந்து பேர் மேல்மாடியில் இருந்தோம். மே மாதம், ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டில்மேல் ஏறிக் கூரையில் கை வைத்தால் அப்போதும் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரியில்தான் கக்குகிறது. அம்மா நடையில் பாய் போட்டுப் படுப்பார், எதிர்வீட்டுக்காரர்கள் தாண்டித் தாண்டிப் போவார்கள். ஒரு திண்ணை இருந்திருந்தால் ஏசியே வாங்கியிருக்க மாட்டோம். கடன் வாங்கிப் போட்டோம்.

நொய்யல்: அளவை விட்டுச் சுவரைப் பேசுங்கள். சிக்கன வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற சுவர் முறையில் செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் காற்றுக்கு இடம் விடுவார்கள். கிட்டத்தட்ட கால்வாசி செங்கல் மிச்சம், சூடும் உள்ளே குறைவாகத்தான் இறங்கும்.

செங்கல்சூளை: இருபது வருடமாக எலிப்பொறிக் கட்டு கட்டுகிறவனுக்கே பாடமா? முன்பு நடந்த சோலார் பேச்சிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

நொய்யல்: சோலாரில் நான் சொன்னதுதான் சரி. இன்றுவரை நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

மொட்டைமாடி: சோலாரை அப்புறம் பாருங்கள். வீடுகளுக்கான மத்திய அரசின் மின்சிக்கனக் கட்டட விதி, எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, என்ன சொல்கிறது? சுவர், சன்னல் வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும்; கூரைக்கும் சன்னல் திறப்புக்கும் தனி வரம்பு உண்டு. 3,000 சதுர அடி பங்களாவில் இரண்டே பேர் இருந்தாலும் தேறிவிடலாம். ஆளுக்கு எவ்வளவு இடம் என்று அது கேட்பதே இல்லை. அந்தப் பங்களாக்காரரிடம் போய் 360 போதும் என்று சொன்னீர்களா?

செங்கல்சூளை: எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

மொட்டைமாடி: உங்கள் வீடு எத்தனை சதுர அடி?

செங்கல்சூளை: அது சொந்த விஷயம்.

கீழ்வீடு: 1,400. கதவுக்கு மரம் விலை விசாரித்தபோது நீங்களே இங்கே எழுதினீர்கள்.

செங்கல்சூளை: அதில் 300 திண்ணையும் போர்டிகோவும். பழசைக் கிளறுவதே உங்களுக்கு வேலை.

மொட்டைமாடி: ஆக, உங்களுக்கு சுவருக்குள் 1,100, வெளியே திண்ணை வேறு. எங்களுக்கு மட்டும் 360, திண்ணை இல்லாமல். திரும்பவும் கேட்கிறேன், திண்ணையைச் சேர்த்தா, சேர்க்காமலா?

செங்கல்சூளை: சேர்க்காமல். 360 போதும். நூறு தடவை கேட்டாலும் இதுதான்.

நொய்யல்: என் சோலார் கேள்வி அப்படியே நிற்கிறது.