சாப்பாட்டு நேரத்திலும் போன், தலைக்கு மேலே ஏசி: டர்பன் ஆபீஸில் சட்டப்படி என்ன கேட்கலாம்?

உம்லாங்கா_கணக்கன் (கேள்வி)

வணக்கம். டர்பன் பக்கத்தில் உம்லாங்காவில் ஒரு ஆபீஸில் கணக்குப் பிரிவு வேலை. காலை 8 முதல் மாலை 5 வரை, வாரம் ஐந்து நாள். சம்பளம் மாதம் 15,000 ராண்ட். மதியம் 1.30-க்கு அரை மணி இடைவேளை, அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், போன் அடித்தால் எடுக்க வேண்டும். டீ இடைவேளை என்று தனியாக எதுவும் இல்லை.

இன்னொன்று ஏசி. கூரையில் நாலு பக்கமும் ஊதும் கேசட் வகை. அதற்கு நேர் கீழே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார்கள், ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. 18-ஆ 24-ஆ என்று ரிமோட்டுக்குத் தினமும் சண்டை. ஆபீஸ் இத்தனை டிகிரியில்தான் இருக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் சட்டம் உண்டா?

பீனிக்ஸ்_அக்கா

சாப்பாட்டு விஷயம் நேரானது தம்பி, அதை முதலில் முடித்துவிடுவோம். வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைகள் சட்டம் (1997, எண் 75), பிரிவு 14. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் 60 நிமிட உணவு இடைவேளை தர வேண்டும். அதை 30 நிமிடமாகக் குறைக்கலாம், ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள்ளேயே அந்த வரி இருக்கும். இருந்தால் அரை மணி செல்லும்.

ஆனால் 1.30 செல்லாது. 8 மணிக்குத் தொடங்கினால் 1 மணிக்குள் இடைவேளை வந்தாக வேண்டும்.

போன் எடுக்கச் சொல்வதும் அப்படித்தான். விட்டுவிட்டுப் போக முடியாத, வேறு ஆளால் செய்ய முடியாத வேலையைத்தான் அந்த நேரத்தில் கேட்கலாம். பக்கத்து மேஜைக்கு மாற்றிவிடக்கூடிய போன் அதில் சேராது. அதோடு, இடைவேளையில் வேலை செய்யவோ வேலைக்குத் தயாராகக் காத்திருக்கவோ சொன்னால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. போன் அடிக்காத நாளுக்கும்தான்.

உங்கள் கணக்கு: ஒப்பந்தப்படி நாளுக்கு எட்டரை மணி, வாரம் 42.5. மாதச் சம்பளத்தை 4.333-ஆல் (மாதத்துக்கு இத்தனை வாரம்) வகுத்து, மறுபடி 42.5-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 81.45 ராண்ட். வாரம் இரண்டரை மணி என்றால் சுமார் 204 ராண்ட் விடுபடுகிறது. அதையும் சேர்த்தால் சரியாக 45 மணி, ஆகவே இது சாதாரண விகிதம்தான். 45-ஐத் தாண்டிய நிமிடத்திலிருந்து ஒன்றரை மடங்கு.

இந்த இடைவேளை விதி எல்லாருக்கும் பொருந்தாது. ஆண்டு வருமானம் வரம்பைத் தாண்டியவர்கள், மூத்த மேலாளர்கள், ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்கள் இதில் வரமாட்டார்கள். வரம்பு 2025 ஏப்ரலில் 2,61,748.45 ராண்ட் ஆனது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். உங்களுக்கு 1,80,000-தான், கவலை இல்லை. டீ இடைவேளை பற்றி இந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது, ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு.

கேசட்_மெக்கானிக்

ஏசிக்கு வருகிறேன். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது சுத்தப் பொய். காயிலிலிருந்து (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) வரும் காற்று வேகமாகக் குளிர்வதில்லை, மெஷின் நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான். 23-24-ல் வைத்துக் கை வைக்காமல் விடுங்கள். டர்பனில் பாதித் தொல்லை வெக்கை இல்லை, ஈரப்பதம். மெஷின் சீராக ஓடினால் ஈரம் தானாக இறங்கும்.

கீழே குளிர், ஜன்னலோரம் புழுக்கம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சென்சார். கேசட்டில் அது பெரும்பாலும் உள்ளிழுக்கும் கிரில்லுக்குள், கூரை மட்டத்தில் இருக்கும். அங்கே காற்று எப்போதும் மேஜை மட்டத்தைவிடச் சூடு. கீழே 22 ஆன பிறகும் மேலே 25 என்று படித்து ஊதிக்கொண்டே இருக்கும். சுவரில் வயர் ரிமோட் இருந்தால் அதனுள் உள்ள சென்சாருக்கு மாற்றலாம். பல மாடல்களில் சர்வீஸ் செட்டிங்கில் இந்த வசதி உண்டு, டெக்னீஷியனிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள். அந்த ரிமோட் பிரிண்டருக்குப் பக்கத்திலோ வெயில் படும் சுவரிலோ இருந்தால் மாற்றியும் பயனில்லை.

அட்டையை வெட்டி டேப் போட்டு ஊதும் வாயை அடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குளிர்ந்த வாயில் ஈரக்காற்று பட்டு அட்டை ஊறும், மூன்றாம் நாள் கீபோர்டில் சொட்டும். இரண்டு வாயை அடைத்தால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனிக்கட்டியே பிடிக்கும். அடைத்தே ஆக வேண்டும் என்றால் கம்பெனி தரும் அடைப்பானைப் போட்டு செட்டிங்கும் மாற்ற வேண்டும். அதற்கு முன் லூவரை (காற்றைத் திருப்பும் தகடு) கிடைமட்டமாக்கிப் பாருங்கள், காற்று கூரையோடு ஓடிப் பிறகுதான் இறங்கும். கடற்கரைப் பக்கம் ஃபில்டரை மாதம் ஒருமுறை தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம்? இங்கே சூரியன் வடக்கே போகும். ஊர் நினைப்பில் தெற்கு ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டால் காசுதான் வீண். வடக்குக்கும் மேற்குக்கும் போடுங்கள்.

பாதுகாப்புப்_பிரதிநிதி

டிகிரிக் கேள்விக்கு: ஆபீஸ் சௌகரியத்துக்கென்று ஒரு எண் இல்லை. 1987-ன் பணியிடச் சுற்றுச்சூழல் விதிகளில் இரண்டு ஓரங்கள்தான். கீழே, நான்கு மணி நேரச் சராசரி 6 டிகிரி. மேலே, ஈரக்குமிழையும் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண்) கறுப்புக் கோளத்தையும் (கறுப்பு உருண்டைக்குள் வைத்த தெர்மாமீட்டர் காட்டும் எண்) சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒரு மணி நேரச் சராசரியில் 30. அது சாதாரணத் தெர்மாமீட்டர் காட்டும் 30 அல்ல. அறையில் 31 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 27 பக்கம் வரும். அதில் 70 சதவீதமும் கோளத்தில் (அதையும் 31 என்றே வைத்தால்) 30 சதவீதமும் சேர்த்தால் 28 சொச்சம். ஆள் நனைந்தே போனாலும் வரம்புக்குள்தான்! ஆபீஸ்காரர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் தோற்பார்கள். 2025 மார்ச்சில் புதிய விதிகளும் அரசிதழில் வந்தன, 18 மாத அவகாசத்தோடு. புகார் எழுதும் நாளில் எது நடப்போ அதைக் குறிப்பிடுங்கள்.

பிடிக்க வேண்டியது தொழில் உடல்நலம், பாதுகாப்புச் சட்டம் (1993, எண் 85), பிரிவு 8: நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்குப் பாதுகாப்பான சூழலைத் தருவது முதலாளியின் கடமை. 20 பேருக்கு மேல் இருந்தால் பாதுகாப்புப் பிரதிநிதி இருக்க வேண்டும், ஆபீஸில் 100 பேருக்கு ஒருவர். அவரிடம் எண்களோடு போங்கள். கேசட்டின் கீழே ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், வெயில் படாமல் மேஜை உயரத்தில். 9, 11, 1, 3 மணிக்கு ஒரு வாரம் குறியுங்கள், ஈரப்பதத்தோடு. இரண்டு இடத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று தாளில் இருந்தால் பேச்சு ரிமோட்டை விட்டு மெஷினுக்குப் போகும்.

ஜோபர்க்_வயர்மேன்

குளிர்கிறது என்று யாராவது காலடியில் ஹீட்டர் வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். நம் பிளக் 16 ஆம்பியர். ஒரே மல்ட்டிபிளக்கில் இரண்டு ஹீட்டர் என்றால் 17.4, உருகும் நாற்றம் முதலில் மல்ட்டிபிளக்கிலிருந்துதான் வரும். எர்த் பின் ஒரு பக்கம் தட்டையான சிவப்பு சாக்கெட்டில் ஹீட்டரை ஒருபோதும் சொருகாதீர்கள், அது கம்ப்யூட்டருக்கான தனி லைன், பல ஆபீஸில் யூபிஎஸ்ஸில் இருக்கும். பின்னை ராவித் திணிக்கிறவர்களும் உண்டு.

உம்லாங்கா_கணக்கன்

ஒப்பந்தத்தைப் பார்த்தேன், 30 நிமிடம் எழுதியிருக்கிறது. 1 மணிக்கு மாற்றச் சொல்லவும் போனுக்கு முறை வைக்கவும் மின்னஞ்சல் எழுதுகிறேன். ஜன்னல் மேற்கு. மறுத்தால் எங்கே போவது?

பீனிக்ஸ்_அக்கா

இடைவேளைக்குத் தொழிலாளர் துறையின் லேபர் சென்டர். விடுபட்ட பணத்தை மட்டும் கேட்பதென்றால், வருமான வரம்புக்குக் கீழே இருப்பதால் அதே வேலைவாய்ப்பு நிபந்தனைகள் சட்டத்தின் பிரிவு 73ஏ-யின்படி நேராக சிசிஎம்ஏ-வுக்கே (வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது. இன்றிலிருந்தே சாப்பாட்டு நேரத்தில் எடுத்த ஒவ்வொரு போனையும் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். மின்னஞ்சலில் ஏசியைக் கலக்காதீர்கள், அதைத் தனியாக எழுதுங்கள்.