பால் சொசைட்டிக்கு அனலைசர் வந்தபோது

பால் சொசைட்டிகளுக்கு அனலைசர், அதாவது பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் மெஷின், மாட்டிக் கொடுப்பதுதான் என் வேலை, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் சுற்றுவேன். மெஷினை மாட்டுவது ஒரு காலைப்பொழுது வேலை. அதை ஆட்கள் நம்புவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும்.

பாலக்கோடு பக்கம் ஒரு சொசைட்டி. பாலைச் சோதிக்கும் டெஸ்டர் வயசானவர், கெர்பர் என்கிற பழைய முறையில் கை பழகியவர். 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டுக் குழாயைச் சுற்றவிட்டால் கொழுப்பு தனியாகப் பிரிந்து நிற்கும், சந்தேகம் இருக்கிறவர் தன் கண்ணாலேயே அளவைப் பார்த்துக்கொள்ளலாம். நான் கொண்டுபோன மெஷினோ ஒலி அலையை வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதி திடச்சத்து) இரண்டையும் எண்ணாகக் காட்டிவிடும், அது எப்படி வந்தது என்று வரிசையில் நிற்கிறவருக்கு எதுவும் தெரியாது. பணம் அந்த எண்ணை வைத்துத்தான். ஒரு அக்கா நேராகவே கேட்டார்: "ஏன் தம்பி, நேத்து நாலு இருந்த ஃபேட்டு இன்னைக்கு மூணரைங்குது, ஒரே ராத்திரியில என் மாடு மாறிப்போச்சா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கறந்த சூட்டோடு நுரையும் குமிழியுமாக வரும் பாலை அப்படியே வைத்தால் அளவு பிசகும், சரியாகக் கலக்காமல் எடுத்தாலும் பிசகும், மெஷினைக் கழுவாமல் விட்டால் கேட்கவே வேண்டாம். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் எந்த பட்டனை அழுத்துவது என்பதோடு கிளம்பிவிடுகிறார்கள், இதையெல்லாம் யார் சொல்வது?

டெஸ்டர் அன்றைக்கு முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. அப்புறம் அவரிடம் போய், "ஐயா, மெஷின் சரியாகக் காட்டுதான்னு பார்க்கவே உங்க கெர்பர்தான் வேணும்" என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதில்லை, அளவைச் சரிபார்ப்பதே அப்படித்தான். செக்ரெட்டரியிடம் பேசி அந்தப் பொறுப்பை அவருக்கே கொடுக்கவைத்தோம். அதற்குப் பிறகு எண்ணில் சந்தேகம் வந்தவர்கள் அவரிடம் போனார்கள், அவரும் அதே பாலைக் குழாயில் விட்டுக் காட்டினார். சண்டை குறைந்தது. மெஷினை மட்டும் வைத்துவிட்டு வந்திருந்தால் பாதிப் பேர் தனியார் வண்டிக்குப் பால் ஊற்றப் போயிருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியது:

அண்ணே, எங்க கிருஷ்ணகிரி பக்கம் ரேஷன் கடையில 2020ல கைரேகை மெஷின் வந்தப்போ கல்குவாரி வேலைக்குப் போறவங்க ரேகை பதியவே இல்லை, விரல் தேய்ஞ்சு கிடக்கும். வரிசையே நின்னுடும், திட்டு வாங்கினது விற்பனையாளர் அக்கா. உங்க பக்கம் கருவிழி பார்க்கிற மெஷின் வந்துடுச்சா, அந்த மெஷினாவது ஒழுங்கா வேலை செய்யுதா?