புதுப்பிப்பு: ஃபைட்டர் மீன் தேறிவிட்டது

வால் துடுப்பு ஓரமெல்லாம் கறுத்து அரிபட்டு, தொட்டியின் மூலையில் அசையாமல் கிடந்த என் நீல ஃபைட்டர் மீனைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன்; அது பிழைத்துக்கொண்டது. மருந்தைவிடத் தண்ணீரே அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்து, தொட்டி நீரின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே, நாள்தோறும் கால் பங்கு மாற்றினேன். முதல் 7 நாள்கள் மட்டும் 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்தேன். (தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும்போது உப்புக்கா பஞ்சம்!) காற்றை நேரடியாகவும் சுவாசிக்கும் மீன் என்பதால், மேலே வரச் சிரமப்படாதபடி நீர்மட்டத்தையும் குறைத்து வைத்தேன்.

இப்போது வாலின் ஓரத்தில் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வு வளர்ந்திருக்கிறது. நேற்றுக் காலை, நீர்ப்பரப்பில் குமிழிக்கூடு (முட்டைகளை வைக்க ஆண் மீன் வாயால் குமிழிகள் விட்டுக் கட்டும் கூடு) ஒன்றும் கட்டியிருந்தது.